சங்கரதாஸ் சுவாமிகள்

தூத்துக்குடி தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (செப்டம்பர் 7, 1867 - நவம்பர் 13, 1922) தமிழ் நாடக ஆசிரியர், நடிகர், பாடலாசிரியர், நாடகப் பயிற்றுநர் ஆவார். தமிழ் இசை நாடகத்துக்கு நிலையான எழுத்து வடிவம் தந்தவர் என்ற வகையில் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படுகிறார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், சுலோசனா சதி, அபிமன்யு சுந்தரி முதலியன இவர் எழுதிய நாடகங்களுள் புகழ் பெற்றவை. 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்னும் சிறுவர் நாடகக் குழுவின் ஆசிரியராக இருந்து, பின்னாளில் தமிழ் மேடையிலும் திரைப்படத்திலும் பெயர் பெற்ற பலரை உருவாக்கினார்.

பிறப்பும் கல்வியும்

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டி என்னும் ஊரில் தாமோதரன், பேச்சியம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தை இராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர்; இராமாயணப் புலவர் என்றே ஊரார் அவரை அழைத்தனர். தொடக்கக் கல்வியைத் தந்தையிடமே பெற்ற சங்கரன், பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் இவருடன் பயின்றவர். அக்கவிராயரின் மாணவரே பிற்காலத்தில் திரைப்படப் பாடலாசிரியராக விளங்கிய உடுமலை நாராயண கவி.

வெண்பா, கலித்துறை, விருத்தம், சிந்து, வண்ணம் ஆகிய யாப்பு வகைகளில் சங்கரனுக்கு இளமையிலேயே பயிற்சி வாய்த்திருந்தது. ஆயினும் புலமை சோறு போடவில்லை. தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராகச் சில காலம் வேலை பார்த்தார்.

நடிகராக

1891-இல், தமது இருபத்து நான்காம் வயதில், கணக்கு வேலையை விட்டு நாடகத்துக்கு வந்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவினார் என்பது கவனிக்கத்தக்கது. சுகுண விலாச சபை வழக்கறிஞர்களும் படித்த அலுவலர்களும் பொழுதுபோக்காக நடித்த பயில்முறைக் குழு. சங்கரன் சேர்ந்ததோ நாடகத்தையே வயிற்றுப் பிழைப்பாகக் கொண்டவர்களின் குழு. இந்த இரண்டு ஓடைகளும் நெடுங்காலம் தனித்தனியாகவே ஓடின. முன்னதைப் பற்றிச் சம்பந்த முதலியாரே விரிவாக எழுதி வைத்தார். பின்னதில் இருந்தவர்களோ தம்மைப் பற்றி எழுதுவது அரிது. சுவாமிகளின் இளமை வாழ்வு பற்றிய செய்திகள் மாணவர்களின் நினைவுக் குறிப்புகள் வழியாகவே கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோரின் நாடகக் குழுவில் இவர் நடிகராகவும் ஆசிரியராகவும் தொடங்கினார். இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் ஆகிய அச்சம் தரும் வேடங்களே இவருக்கு அமைந்தன. கனத்த உடலும் ஓங்கிய குரலும் அவற்றுக்குப் பொருந்தின.

இவர் வேடம் போடுவதை விட்டதற்கு இரு நிகழ்ச்சிகள் காரணமாகச் சொல்லப்படுகின்றன. நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்து முடித்த ஒரு விடியற்காலையில், உடலில் பூசிய கரிய சாயத்தைக் கழுவ நீர்நிலைக்குச் சென்றாராம். அங்கு வந்த பெண் ஒருத்தி அந்தக் கோலத்தைக் கண்டு அஞ்சி உயிர் நீத்தாள் என்பது ஒன்று. சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் மேடையில் தோன்றியபோது, கூட்டத்தில் இருந்த கருவுற்ற பெண்ணொருத்திக்கு அதிர்ச்சியால் கருச்சிதைவு ஏற்பட்டது என்பது மற்றொன்று. வாய்வழியாக வந்த இச்செய்திகளில் மிகை கலந்திருக்கக்கூடும். எனினும் நடிப்பை நிறுத்திவிட்டு அவர் காவியுடுத்தித் தல யாத்திரை சென்றதும், அது முதல் சங்கரதாஸ் சுவாமிகள் எனப்பட்டதும் உண்மை. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

புதுக்கோட்டையில்

யாத்திரையின் பிறகு புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் ஆதரவு இவருக்குக் கிடைத்தது. கிராமப்புறக் கருவியாக இருந்த கஞ்சிராவைக் கருநாடக இசை மேடைக்குக் கொண்டுவந்தவர் மான்பூண்டியா பிள்ளை. புகழ் பெற்ற மிருதங்க, கஞ்சிராக் கலைஞர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை இவருடைய மாணவர். மான்பூண்டியா பிள்ளை சுவாமிகளைத் தம் மகன் போலவே ஏற்றுக்கொண்டார்.

சுவாமிகளின் பாடல்களைப் புரிந்துகொள்ள இந்தப் புதுக்கோட்டைத் தொடர்பு இன்றியமையாதது. தமிழ் யாப்பு தண்டபாணி சுவாமிகளிடமிருந்து வந்தது என்றால், தாளக் கணக்கு இங்கிருந்து வந்தது. திருப்புகழ்ச் சந்தங்களை ஒத்த நுட்பமான பாடல்களை நாடகப் பாத்திரங்களின் வாயில் வைத்தது இந்த இரண்டும் சேர்ந்ததன் விளைவு. அக்காலத்தில் பார்சி நாடகக் குழுக்கள் கொண்டுவந்த இந்துசுத்தானி மெட்டுகளையும் ஆர்மோனியத்தையும் அவர் விலக்கவில்லை. மெட்டு எங்கிருந்து வந்தாலும் சொல் தமிழ்ச் செய்யுளாக நிற்க வேண்டும் என்பதே அவரது முறையாக இருந்தது.

நாடகாசிரியராக

மான்பூண்டியா பிள்ளையின் வற்புறுத்தலால் சுவாமிகள் மீண்டும் நாடக உலகுக்கு வந்தார் என்பர். இம்முறை பெரும்பாலும் ஆசிரியராகவே பணியாற்றினார். சாமி நாயுடு, வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவரையர், பி. எஸ். வேலு நாயர் ஆகியோரின் குழுக்களில் நாடகங்களை எழுதிக் கொடுத்துப் பயிற்சியும் அளித்தார். வள்ளி, அல்லி என்பன நாடகங்களால் வந்த அடைமொழிகள் என்பதிலிருந்தே அந்நாடகங்கள் பெற்றிருந்த செல்வாக்கை அறியலாம்.

அந்நாளைய மேடையின் நிலையைச் சிறிது விளக்க வேண்டும். இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியும் வரை நடக்கும். கதையும் பாடல்களும் எல்லோருக்கும் தெரியும். வசனம் என்று எழுதப்பட்டது எதுவும் இராது. நடிகர்கள் தத்தம் திறமைக்கேற்ப அங்கேயே பேசிக்கொள்வார்கள். வள்ளியும் வேடனும், சாவித்திரியும் எமனும் எதிரெதிரே நிற்கும் இடங்களில் இது தர்க்கமாக மாறும். புராணத்தில் ஒரு கேள்வியைக் கேட்டு எதிராளியை மேடையிலேயே தலைகுனிய வைப்பது பெருந்திறமையாகக் கருதப்பட்டது. வல்லவர்கள் இருவர் சந்தித்தால் அது விருந்து. அல்லாதவிடத்துக் கதை பாதியில் நின்று போகும். சில வேளைகளில் சண்டையிலும் முடியும்.

இந்த மேடைக்குத்தான் சுவாமிகள் பாடலும் உரையாடலும் சேர்ந்த முழு நாடகங்களை எழுதித் தந்தார். எந்தப் பாத்திரம் எங்கே நுழைகிறது, எந்தப் பாட்டைப் பாடுகிறது, பாட்டுக்குப் பின் என்ன பேசுகிறது என்பதெல்லாம் அவற்றில் வரையறுக்கப்பட்டன. உரையாடல்களில் திருக்குறளும் நாலடியாரும் பழமொழிகளும் இயல்பாகக் கலந்து வரும். எழுத்தறியாத கூட்டமும் இரவு முழுவதும் அமர்ந்து அவற்றைக் கேட்டது.

அவர் எழுதியவை நாற்பதுக்கும் மேற்பட்டவை என்பது பொதுவான கணக்கு. அவற்றில் ஒரு பகுதியே அச்சேறியது. நாடகக் கைப்பிரதி குழுவின் சொத்தாக இருந்த காலத்தில், குழு கலைந்தால் பிரதியும் காணாமற் போவது வழக்கம். பெரும்பாலானவை புராண, இதிகாச, நாட்டார் கதைகள். உ. வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த பின்னரும் மேடையில் நிலைத்திருந்தது பெருமளவு மக்களிடையே வழங்கிய கோவலன் கதையே. வடமொழி மிருச்சகடிகம், சேக்சுபியரின் ரோமியோவும் ஜூலியட்டும், சிம்பலைன் ஆகியவற்றையும் அவர் தமிழ் மேடைக்கு ஏற்ப ஆக்கினார். எனினும் அவருடைய வலிமை அல்லியிலும் வள்ளியிலும் பவளக்கொடியிலுமே முழுமையாக வெளிப்பட்டது எனலாம்.

சிறுவர் நாடகக் குழுக்கள்

எழுதிக் கொடுத்துவிட்டால் மட்டும் போதவில்லை. பழகிப் போன நடிகர்கள் எழுதியதைப் பேச மறுத்தனர். தம் விருப்பப்படி சேர்த்தும் விட்டும் நடித்தனர். பெயர் பெற்ற நடிகர் ஒருவர் குறித்த நேரத்தில் வராமற் போனால் அன்றைய நாடகமே நின்றுவிடும். இந்த ஒழுங்கின்மையில் வெறுப்புற்றே சுவாமிகள் சிறுவர்களின் பக்கம் திரும்பினார். எழுத்தையும் இசையையும் தொடக்கத்திலிருந்தே ஏற்றுக்கொள்ளும் நடிகர்கள் அவருக்குத் தேவைப்பட்டனர்.

1910-இல் அவர் சமரச சன்மார்க்க நாடக சபை என்னும் குழுவைத் தோற்றுவித்தார். செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பாவும் அவருடைய சகோதரர்களும் இங்குப் பயிற்சி பெற்றனர். மதுரை மாரியப்ப சுவாமிகளும் இக்குழுவில் இருந்தவரே. பின்னர் ஜெகந்நாத ஐயரின் பாலமீனரஞ்சனி சங்கீத சபையில் சுவாமிகள் ஆசிரியராக இருந்தார். அதிலிருந்து விலகிய பின், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா உருவானது. முதலாளிகள் சிலர் பணம் போட்டனர். நாடகம், பாடல், பயிற்சி எல்லாம் சுவாமிகளுடையவை.

இத்தகைய குழுவை அக்காலத்தில் பாய்ஸ் கம்பெனி என்று அழைத்தனர். அதன் அமைப்பு இன்றைய நாடகக் குழுவைப் போன்றதன்று. ஏழைக் குடும்பத்துச் சிறுவர்களைப் பெற்றோரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு சேர்ப்பார்கள். கம்பெனி வீட்டிலேயே உணவு, உறக்கம், பாடம் எல்லாம். மாதச் சம்பளம் வீட்டுக்குப் போகும். குழு ஊர் ஊராக நகரும். ஓரூரில் வசூல் குறைந்தால் அடுத்த ஊர். முதலாளிக்கு அடுத்த நிலையில் வாத்தியார் இருப்பார். நாடகம் எழுதுபவரும் இயக்குபவரும் பாடல் புனைபவரும் அவரே. ஆர்மோனியக்காரர் மெட்டை நிறுத்திக் காட்டுவார். மிருதங்கக்காரர் தாளத்தைக் காப்பார். திரை ஓவியர் அரண்மனையும் காடும் தீட்டித் தருவார். சிறுவர்களிடையே மூத்தவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து மற்றவர்களுக்குப் பாடம் ஒப்பிப்பான். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று வேடங்கள் சிறு வயதிலேயே பிரிக்கப்படும். பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர்.

இம்முறையில் கொடுமையும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பள்ளிக்கூடம் என்பது அச்சிறுவர்களுக்கு இல்லை. கண்டிப்பும் அடியும் கம்பெனி வாழ்க்கையின் பகுதிகள். எல்லாவற்றுக்கும் மேலாக மகரக்கட்டு என்னும் குரல் முறிவு அவர்களைத் துரத்திக்கொண்டிருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும்போது, அதுவரை குழுவின் முதன்மைப் பாடகனாக இருந்த சிறுவன் ஒன்றுமில்லாதவன் ஆகிவிடுவான். சிலருக்குக் குரல் திரும்பியது, பலருக்குத் திரும்பவில்லை. இசையையே உயிராகக் கொண்ட நாடகம் தன் நடிகர்களின் தொண்டையை நம்பி நின்றது. அந்தத் தொண்டையோ சில ஆண்டுகளுக்குமேல் நம்பத்தக்கதாக இல்லை.

மறுபுறம், எழுதப் படிக்கத் தெரியாமல் வந்த சிறுவனும் ஆயிரக்கணக்கான தமிழ்ச் செய்யுள் அடிகளை மனப்பாடமாகக் கொண்டு வெளியே சென்றான். சொல்லை எங்கே பிரிப்பது, எங்கே மூச்சு விடுவது என்பது அவனுக்குக் கற்பிக்கப்பட்டது. பிற்காலத் திரைப்படத்தில் பாய்ஸ் கம்பெனியிலிருந்து வந்தவர்களின் உச்சரிப்புத் தனியாகத் தெரிந்தமைக்கு இதுவே காரணம்.

தத்துவ மீனலோசனி சபையில் சேர்ந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள் டி. கே. எஸ். சகோதரர்கள். பெண் வேடத்துக்குப் பெயர் பெற்ற நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் மக்களான சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகிய மூவரும் 1918-இல் இதில் சேர்ந்தனர். நான்காமவரான பகவதி அப்போது கைக்குழந்தை. ஆறு வயதுச் சண்முகம் சத்தியவான் சாவித்திரி நாடகத்தில் நாரதராக முதன்முதல் மேடையேறினார். பின்னாளில் திரைப்பட நடிகராகப் புகழ் பெற்ற பி. யு. சின்னப்பாவும் சிறுவனாக இச்சபையில் இருந்தவர்.

சண்முகத்தின் திறமையைக் கண்ட சுவாமிகள் அவருக்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகத்தை எழுதினார். சுமார் நான்கு மணி நேரம் நடக்கக்கூடிய இந்நாடகத்தை, நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களோடும் உரையாடல்களோடும், அவர் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகம் பதிவு செய்துள்ளார். வியப்பாகத் தோன்றினாலும், சுவாமிகளின் பணிமுறையை எண்ணினால் இதை விளங்கிக்கொள்ள முடியும். கதை முன்னரே மனத்தில் இருந்தது. யாப்பு அவருக்குப் பேச்சைப் போல் வந்தது. எந்தச் சிறுவனின் குரல் எந்தச் சுருதியில் நிற்கும் என்பதும் தெரிந்திருந்தது. பெரியவர்களுக்கான நாடகத்தில் சிறுவனுக்கு ஓர் இடம் தேடுவதற்கு மாறாக, சிறுவனின் அளவுக்கு ஒரு வீரனை அவர் தேர்ந்தெடுத்தார்.

இறுதிக் காலம்

1921-இல் குழு சென்னையில் இருந்தபோது சுவாமிகள் பக்கவாத நோயால் தாக்குண்டார். கையும் காலும் செயலற்றன, பேச்சும் நின்றது. ஒரு சொல்லைச் சிறுவர் பிழையாக உச்சரித்தாலும் பொறுக்காத ஆசிரியர், அதன் பிறகு அவர்கள் நடிப்பதைப் பேச இயலாமல் பார்த்திருக்க வேண்டியதாயிற்று. மருத்துவம் பயன் தரவில்லை. அவருக்கென வீடோ குடும்பமோ இல்லாததால் குழுவே அவருக்கு எல்லாமாக இருந்தது.

1922 நவம்பர் 13, திங்கட்கிழமை இரவு, புதுச்சேரியில் அவர் காலமானார். அவருடைய உடல் கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து.

மாணவர்கள்

சுவாமிகளின் மறைவுக்குப் பின் டி. கே. எஸ். சகோதரர்கள் 1925-இல் மதுரை பால சண்முகானந்த சபா என்னும் சொந்தக் குழுவைத் தொடங்கினர். என். எஸ். கிருஷ்ணன் இக்குழுவில் வளர்ந்தவர். ஆசிரியரின் புராண நாடகங்களோடு தொடங்கிய இக்குழு படிப்படியாகச் சமூக நாடகங்களுக்கு மாறியது. முத்துசாமி எழுதிய குமாஸ்தாவின் பெண் அவற்றுள் ஒன்று. 1941-இல் அது திரைப்படமாகவும் வந்தது. இரவு முழுவதும் நடந்த நாடகம் சில மணி நேரமாகக் குறைந்தது, பாடல்களும் குறைந்தன. ஆசிரியரிடம் பெற்ற ஒழுங்கை வைத்துக்கொண்டு ஆசிரியரின் நாடக வடிவத்தை மாணவர்கள் கைவிட்டனர் எனலாம்.

ஆயினும் சுவாமிகளின் பெயரை நிலைநிறுத்தியவர் டி. கே. சண்முகமே. அவரைப் பற்றி எழுதியும் பேசியும் வந்ததோடு, 1972-இல் வெளியான எனது நாடக வாழ்க்கை என்னும் தன்வரலாற்றிலும் ஆசிரியருக்குப் பெரிய இடம் தந்தார். சுவாமிகளைப் பற்றி இன்று வழங்கும் செய்திகளில் பெரும்பகுதி சண்முகத்தின் வாயிலாக வந்தவையே. அவர் சிறுவனாகக் கண்ட கடைசி நான்கு ஆண்டுகள் விரிவாகவும், அதற்கு முந்திய ஐம்பது ஆண்டுகள் சுருக்கமாகவும் அறியப்படுவது இதனால்தான். மதுரையில் தமுக்கம் திடல் அருகே சுவாமிகளுக்குச் சிலை உள்ளது.

ஸ்பெஷல் நாடகம்

பாய்ஸ் கம்பெனிகள் பேசும் படத்தின் வருகைக்குப் பின் மெல்ல மறைந்தன. அவற்றில் பயின்றவர்களும் அவர்கள் ஆடிய கதைகளும் திரைக்குச் சென்றன. மேடைப் பவளக்கொடி 1934-இல் திரைப்படமாகி எம். கே. தியாகராஜ பாகவதரை அறிமுகப்படுத்தியது.

சுவாமிகளின் நாடகங்கள் மேடையில் தொடர்ந்து வாழ்ந்தது வேறோர் இடத்தில். மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் விழாக்களில் நடைபெறும் இந்நாடகத்தை ஸ்பெஷல் நாடகம் என்பர். இதில் குழு என்று ஒன்று இல்லை. ராஜபார்ட் ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு வருவார்கள். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அவ்வாறே. ஒத்திகை இல்லை, பல வேளைகளில் அன்று இரவு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். வள்ளி திருமணத்தை எல்லோரும் பாடம் செய்திருப்பதால் நாடகம் நடந்துவிடும். சுவாமிகள் வகுத்த வரிசை அதற்கு எலும்புக்கூடு. தர்க்கமும் நகைச்சுவையும் நடிகர்கள் அன்றன்று சேர்ப்பவை. எந்தத் தன்னிச்சையை வெறுத்துச் சுவாமிகள் சிறுவர் குழுவுக்குச் சென்றாரோ, அந்தத் தன்னிச்சையோடு இணைந்தே அவருடைய பாடல்கள் நிலைத்திருக்கின்றன.

விடுதலைப் போராட்டக் காலத்தில் இந்தத் தன்னிச்சை வேறொரு பயனையும் தந்தது. எஸ். எஸ். விசுவநாத தாஸ் வள்ளி திருமணத்தில் முருகனாக வந்து தேசியப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940 திசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில், மேடையிலேயே அவர் உயிர் நீத்தார். எழுதிய பிரதியை அப்படியே ஒப்பித்திருந்தால் அப்பாடல்களுக்கு அங்கே இடமிருந்திராது.

ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றி அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 1990-களில் மதுரையில் ஆய்வு செய்து 2005-இல் நூலாக வெளியிட்டார். இக்கலைஞர்கள் சுவாமிகளைத் தம் குலகுருவாகக் கருதி, நவம்பர் மாதத்தில் அவருக்குக் குருபூசை நடத்துகின்றனர். 2019-இல் தென்னிந்திய நடிகர் சங்கத் தேர்தலில் போட்டியிட்ட அணிகளுள் ஒன்று சுவாமி சங்கரதாஸ் அணி என்று பெயர் வைத்துக்கொண்டது. புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் உள்ள அவருடைய நினைவிடத்துக்கு நாடகக் கலைஞர்கள் ஆண்டுதோறும் சென்று வழிபடுகின்றனர்.